நொக் அவுட்: விலகலா, விலக்கலா? வியாழன் பகலுக்குள் வேண்டும்

ஹட்டன், செவ்வாய் இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். தமிழ்ச் சொற்களைப் பேசும் இந்தக் குழுவில் இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். இன்று அவசரம், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்து வாலிபர் சங்கம் சனிக்கிழமை டார்ட்ஸ் போட்டி வைக்கிறது, சின்ன அம்புகளை வட்டப் பலகையில் எறிகிற ஆட்டம். பாவிக்காமல் கிடந்த பழைய மடுவத்தை (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) கூட்டிக் கழுவி, கொழுந்துத் தராசு தொங்கிய கம்பியில் பல்பு மாட்டி, பலகையையும் அடித்தாகிவிட்டது. நடுப்புள்ளி தரையிலிருந்து 5 அடி 8 அங்குலம், எறியும் கோடு 7 அடி 9¼ அங்குலம். அளவில் பிழை இல்லை. விதித்தாளைத் தமிழில் எழுதுவது மட்டும் என் தலையில் விழுந்தது. அச்சகத்துக்கு வியாழன் பகல் 12 மணிக்குள் கொடுக்க வேண்டும்.

23 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் 5 பேர் பெண் பிள்ளைகள். நொக் அவுட், அதாவது தோற்றவர் வெளியே போகிற முறை, 16 பேரோடு தொடங்கினால்தான் கணக்கு நேராக வரும். ஆகவே 14 பேர் முதலில் 7 ஆட்டம் ஆடுவார்கள். வெல்கிற 7 பேர், ஆடாமல் காத்திருக்கும் 9 பேரோடு போய்ச் சேருவார்கள். நொக் அவுட்டுக்கு, அந்த முன் ஆட்டங்களுக்கு, காத்திருக்கும் 9 பேருக்கு என்று மூன்று சொல் வேண்டும்.

பேப்பரில் ‘விலகல் முறை’ என்று பார்த்த ஞாபகத்தில் அதையே எழுதிக்கொண்டு போனேன். 11ஆம் விதியில் மாட்டிக்கொண்டேன்: ‘விலகல் சுற்றில் ஒருவர் ஆட்டத்துக்கு முன் விலகினால், அவரால் விலகியவர் விலகாதவராகக் கருதப்பட்டு, விலகியவரின் இடத்துக்கு வருவார்.’ எழுதிய எனக்கே இரண்டாம் தரம் வாசித்தபோது விளங்கவில்லை.

பண்டாரவளை, செவ்வாய் இரவு 10.25

தம்பி, உங்கள் 11ஆம் விதியை என் பழைய மாணவர்களுக்குப் பயிற்சியாகக் கொடுக்கலாம்.

விலகு தன்வினை, விலக்கு பிறவினை. அடங்கு, அடக்கு; ஒதுங்கு, ஒதுக்கு என்பது போல. தோற்றவன் தானாக விலகிப் போகவில்லை, வென்றவன் அவனை விலக்கினான். காய்ச்சல் வந்து பெயரை வாபஸ் வாங்குகிறவன்தான் விலகுகிறான். ஆகவே ‘விலக்கல் முறை’. ஒரு ககர ஒற்றை விழுங்கிவிட்டு நாற்பது வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள், கேட்க ஆளில்லை.

முன் ஆட்டங்களுக்குத் தகுதிகாண் சுற்று. 9 பேர் நேர்நுழைவு பெற்றோர். முடிந்தது.

கண்டி, புதன் காலை 6.50

சேர், நாற்பது வருடமாக அப்படி எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. பேப்பருக்கு விளையாட்டுச் செய்தி எழுதிப் பிழைக்கிறவள், கோபிக்கக் கூடாது.

உங்கள் இலக்கணம் சரி. ஆனால் விலக்கு என்றதும் சனங்களுக்கு ஞாபகம் வருவது என்ன? வரிவிலக்கு. வரி கட்டத் தேவையில்லை என்று அர்த்தம். அப்படியென்றால் விலக்கல் சுற்று என்பது ஆடத் தேவையில்லாத சுற்று என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் அவரைப் பிழை சொல்ல முடியாது. தம்பியின் 9 பேர்தான் உண்மையில் விலக்குப் பெற்றவர்கள்! தோற்று வெளியே போகிறவரும், தோற்க வழியே இல்லாமல் உள்ளே போகிறவரும் ஒரே சொல்லில் நிற்கிறார்கள். அப்புறம், 5 பெண் பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்கிறார். விலக்கு என்ற சொல்லுக்கு வீட்டுக்குள் இன்னொரு பொருள் இருக்கிறது, சேருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பேசாமல் நொக் அவுட் என்று எழுதுங்கள். பிள்ளைகளுக்கு அது தெரியும்.

சென்னை, புதன் காலை 8.15

அருமையான விவாதம். இங்கேயும் செய்தித்தாள்களில் நாக் அவுட் என்றுதான் வருகிறது. எனக்கு உடன்பாடில்லை. ‘வெளியேற்றுச் சுற்று’ என்று வைக்கலாமே. வெளியேறு, வெளியேற்று என்று ஐயா சொன்ன பிறவினையும் கிடைக்கிறது, வரிவிலக்குக் குழப்பமும் இல்லை.

என் கேள்வி வேறு. டார்ட்ஸ் என்று ஏன் அப்படியே எழுதுகிறீர்கள்? ஈட்டி என்றால் பள்ளி மைதானத்து ஈட்டி எறிதல் வந்துவிடும். எறிகணை எவ்வளவு அழகான சொல்! எறி, கணை. இரண்டும் நம்முடையவை. ‘எறிகணைப் போட்டி’ என்று தலைப்பிட்டுப் பாருங்கள்.

தலவாக்கலை, புதன் காலை 8.40

சென்னை ஐயாவுக்கு. நான் கிளிநொச்சியில் பிறந்தவன், இங்கே படிப்பிக்க வந்து ஆறு வருடம். எங்கட ஊரில் எறிகணை என்றால் ஷெல். அந்தச் சொல் காதில் விழுந்தால் அம்மா இப்பவும் முதலில் பார்ப்பது பதுங்குகுழி எந்தப் பக்கம் என்றுதான். சொல் அழகுதான். மடுவத்துச் சுவரில் ‘சனிக்கிழமை மாலை 5 மணிக்கு எறிகணை’ என்று ஒட்ட வேண்டாம்.

சென்னை, புதன் காலை 8.52

மன்னியுங்கள். திரும்பப் பெறுகிறேன். டார்ட்ஸ் என்றே இருக்கட்டும்.

லண்டன், புதன் பகல் 1.10

மஸ்கெலியாக்காரன் நான். உலக டார்ட்ஸ் போட்டி நடக்கும் அலெக்சாண்ட்ரா பலஸுக்கு ஒரு தடவை போய், வேஷம் போட்ட கூட்டத்துக்கு நடுவில் நின்று தொண்டை கட்டி வந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

பி.டி.சி. என்ற தொழில்முறை டார்ட்ஸ் அமைப்பின் உலகப் போட்டி முழுக்க நொக் அவுட். சில ஆண்டுகள் 96 பேர் ஆடினார்கள். தரவரிசையில் முதல் 32 பேர் இரண்டாம் சுற்றில்தான் இறங்குவார்கள், மீதி 64 பேர் முதல் சுற்றில் மோதுவார்கள். ஹட்டன் தம்பியின் 9 பேர் கதைதான், அளவு பெரிது. 2026 போட்டியிலிருந்து 128 பேர். இரண்டு, நான்கு, எட்டு என்று பெருக்கிக்கொண்டே போனால் 128 வந்துவிடும், ஆகவே ஏழு சுற்று, எல்லோரும் முதல் சுற்றிலேயே ஆட வேண்டும். அங்கே இப்போது உங்கள் மூன்றாவது சொல்லுக்கு வேலையே இல்லை!

தகுதிகாண் என்ற சொல்லில் இன்னொரு சிக்கல். அங்கே தகுதி பார்ப்பது இரண்டு விதம். ஒரு குறிப்பிட்ட போட்டிக்குள் நுழைவதற்கான ஆட்டங்கள் ஒன்று. ஜனவரியில் கியூ ஸ்கூல் என்று வைப்பார்களே, அது மற்றது. அதில் தேறினால் இரண்டு வருடத்துக்குத் தொழில்முறை அட்டை கிடைக்கும், தொழிலே அதுதான் என்று ஆகிவிடும். இரண்டையும் தகுதிகாண் என்றால் எது எதுவென்று தெரியாது. யூ.கே. ஓபன் இன்னும் வேடிக்கை, சுற்றுகளுக்கு நடுவில் மறுபடி சீட்டுக் குலுக்குவார்கள், பெரிய ஆட்களை எதிரெதிர் மூலையில் பிரித்து வைப்பதும் கிடையாது.

பெண் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள். 2019 டிசம்பரில் ஃபாலன் ஷெரொக் அந்த உலகப் போட்டியில் ஆட்டம் வென்ற முதல் பெண்ணானார். அடுத்த சுற்றில் முன்னணி ஆட்டக்காரர் மென்சூர் சுல்யோவிச்சையும் வீட்டுக்கு அனுப்பினார். விதித்தாளில் ‘அவன்’ வேண்டாம்.

தலவாக்கலை, புதன் பகல் 1.30

தகுதிகாண் என்றதும் எனக்கு நியமனக் கடிதம்தான் ஞாபகம். அரசாங்கத்தில் தகுதிகாண் காலம் மூன்று வருடம். அந்தப் பிள்ளைகள் 7 ஆட்டத்தோட தப்பிவிடுவினம்.

பதுளை, புதன் மாலை 4.05

எல்லோரும் பேப்பரிலும் அகராதியிலும் தேடுகிறீர்கள், காலடியில் கிடப்பதை விட்டுவிட்டு. முன் ஆட்டங்களுக்குத் ‘தவறணைச் சுற்று’ என்று வையுங்கள். தேயிலைக் கன்றை நேராக மலையில் நட மாட்டோம். தவறணையில் வளர்த்து, தேறியதை மட்டும் கொண்டுபோய் நடுவோம். 14 கன்று, தேறியது 7. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

அப்புறம், டார்ட்ஸில் 501இல் தொடங்கிக் கழித்துக்கொண்டே வருகிறோம். மிச்சம் எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறார்களே, அந்த மிச்சத்துக்குப் பெயர் ‘துண்டு’. அந்தக் காலத்தில் தோட்டத்துத் தொழிலாளிக்கு, இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்களே, அதே துண்டு. கடன் தீர்ந்தால் விடுதலை.

கண்டி, புதன் மாலை 4.20

அண்ணே, யாழ்ப்பாணத்தில் தவறணை என்றால் கள்ளுத் தவறணை. வாலிபர் சங்கம் தவறணைச் சுற்று வைக்கிறது என்று கேள்விப்பட்டால் தாய்மார் பிள்ளைகளை அனுப்புவார்களா?

தலவாக்கலை, புதன் மாலை 4.26

ஓம். நான் வந்த புதிதில் அதிபர் ‘பின்னேரம் பிள்ளைகளைத் தவறணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ’ என்றார். ஒரு நிமிசம் ஆடிப்போய் நின்றேன்.

பண்டாரவளை, புதன் மாலை 5.45

இரண்டும் வேறு வேறு சொற்கள். கள்ளுத் தவறணை போர்த்துக்கேயரின் டவெர்னாவிலிருந்து வந்திருக்க வேண்டும். கன்றுத் தவறணையைச் சிங்களத்தில் தவான என்கிறார்கள், அதோடு உறவு இருக்கலாம். தவறு, அணை என்று பிரித்து, தவறாமல் முளைக்க அணைத்து வளர்க்கும் இடம் என்று என் ஆசிரியர் ஒருவர் சொல்வார். அது ரொம்பவும் இழுப்பு என்று எனக்கே தெரியும், ஆனாலும் மனம் விடமாட்டேன் என்கிறது. டார்ட்ஸ் வளர்ந்ததே மதுக்கடைகளில்தான் என்பதால் இரண்டு தவறணையுமே பொருந்திவிடுகிறது, அதுதான் ஆபத்து.

குறி தவறிய எறிக்குச் சொல் தேடினால், குறளில் ‘யானை பிழைத்த வேல்’ இருக்கிறது. பிழைத்த என்றால் தவறிய. இன்று பிழைத்தான் என்றால் தப்பித்தான். பாருங்கள், குறி பிழைத்தவர் தோற்பார், சுற்றில் பிழைத்தவர் வெல்வார்.

துண்டு வேண்டாம். என் பாட்டனார் குடும்பத்தோடு தோட்டம் மாறியது ஒரு துண்டை மடியில் முடிந்துகொண்டுதான். 1921இல் சட்டம் போட்டு ஒழித்ததை மடுவத்தில் திரும்ப எழுதித் தொங்கவிட மாட்டேன்.

பதுளை, புதன் மாலை 6.00

என் பாட்டனாரும்தான், சேர். மறக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். சரி, விட்டுவிடுகிறேன். தவறணையை விடமாட்டேன்.

ஹட்டன், புதன் இரவு 10.50

எல்லோருக்கும் நன்றி. பையன்களிடமும் கேட்டுப் பார்த்தேன். ஆடாமல் போகும் 9 பேருக்கு அவர்களிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது: சும்மாப் பேர். மலைக்குப் போகாமலே செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) பேர் விழுந்த மாதிரி, என்றான் ஒருவன். எனக்கு அதுதான் பிடித்தது. தாளில் நேர்நுழைவு என்று போட்டுவிட்டு, வாயால் சும்மாப் பேர் என்போம்.

தலைப்பு நொக் அவுட். அதன் கீழே, பண்டாரவளை சேருக்காக, சின்ன எழுத்தில் ‘விலக்கல் முறை’. விதிகளுக்குள் இரண்டையும் பாவிக்கவில்லை. 11ஆம் விதி இப்போது: ‘ஒருவர் ஆட்டத்துக்கு முன் விலகினால், அவரிடம் கடைசியாகத் தோற்றவர் அந்த இடத்துக்கு வருவார்.’ தோற்றவர் என்று எழுதியதும் முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

லண்டன், புதன் இரவு 11.05

9 பேரில் ஒருவர் 16 பேர் சுற்றுக்கு முன்னாலேயே விலகினால்? அவரிடம் இன்னும் ஒருவரும் தோற்கவில்லையே!

ஹட்டன், புதன் இரவு 11.20

எதிராளிக்குச் சும்மாப் பேர். விதி 11அ என்று சேர்த்துவிட்டேன். தயவுசெய்து இனி யாரும் எதுவும் கேட்காதீர்கள்.

பண்டாரவளை, வியாழன் காலை 5.30

தோற்றவர் நல்ல சொல், மறுக்கவில்லை. ஆனால் நேர்நுழைவு என்பதில் நேர் என்ன நேர்? வளைந்து நுழைகிறவரும் உண்டா? இதை நான்தான் சொன்னேன் என்பது ஞாபகம் இருக்கிறது. இரவெல்லாம் யோசித்துப் பார்த்ததில் சரியில்லை என்று படுகிறது.

ஹட்டன், வெள்ளி இரவு 8.15

தாள் வந்துவிட்டது, 60 பிரதி. அச்சகத்துப் பையன் ‘விலக்கல்’ எழுத்துப் பிழை என்று நினைத்து, அவனாகவே ‘விலகல்’ என்று திருத்திவிட்டான். கேட்டால், ‘பேப்பரில் இப்படித்தான் இருக்கும் சேர், நான்தானே பார்த்துத் திருத்தினேன்’ என்று நன்றியை எதிர்பார்த்து நிற்கிறான். தங்கச்சியும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு தாளிலும் நீலப் பேனாவால் ‘க்’ செருகிக்கொண்டிருக்கிறோம். 34 முடிந்தது.

பண்டாரவளை, வெள்ளி இரவு 8.30

செருகல் குறியை வரிக்குக் கீழே போட்டு, எழுத்தை மேலே எழுதுங்கள் தம்பி.

கண்டி, வெள்ளி இரவு 8.41

நாளை இரவே முடிவுகளை அனுப்பி வையுங்கள், ஞாயிறு பேப்பருக்குப் பிந்திவிடும், திங்களுக்குப் பார்க்கிறேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், ‘விலகல் முறையிலான’ என்றுதான் எழுதுவேன்.