ஃப்ரீ வில்: 'கட்டற்ற விருப்பம்' வேண்டாம், 'தன்தெரிவு' சரியா?

அன்பர்களுக்கு வணக்கம்.

தன் செயலைத் தானே தெரிவு செய்யும் ஆற்றலை மெய்யியலில் ஃப்ரீ வில் என்கிறார்கள். அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக வந்த 'கட்டற்ற விருப்பம்' என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டற்ற மென்பொருளில் அந்த அடைமொழி பொருந்துகிறது. அங்கே கட்டு என்பது உரிமக் கட்டு. இங்கே எந்தக் கட்டு? காரணங்களின் கட்டா, கழுத்தில் வைத்த கத்தியா? காரணங்களின் கட்டு என்று சொல்லே தீர்மானித்துவிட்டால், காரணங்களுக்கு உட்பட்டவரும் தம் செயலுக்குப் பொறுப்பாளிதான் என்னும் இயைவுவாதத் தரப்பு வாயைத் திறக்கும் முன்பே தோற்றுப்போகும்.

'விருப்பம்' அதைவிடப் பெரிய இடர். 1983இல் நரம்பியல் ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் குழு வெளியிட்ட சோதனையில், கையை அசைப்பதற்கு ஏறத்தாழ 550 மில்லிநொடி முன்பே மூளையில் ஆயத்த அலை (அசைவுக்குத் தயாராகும் மின்குறி) எழுந்தது. அசைக்கத் தோன்றியதாகச் சோதனையில் பங்கேற்றவர்கள் குறித்த நேரமோ 200 மில்லிநொடி முன்புதான். அங்கே அளந்தது ஓர் உந்தலை. வாங்கிய கடனைத் திருப்பித் தரலாமா, ஏமாற்றலாமா என்று நாள்கணக்கில் யோசித்து எடுக்கும் முடிவை அல்ல. இரண்டையும் 'விருப்பம்' என்றே எழுதினால், மாணவர் அந்தச் சோதனையோடு பொறுப்பும் போயிற்று என்று படித்துக்கொள்வார்.

சொல்லைத் தெருவிலிருந்தே எடுக்கலாம். சென்னையில் காசிமேட்டிலோ வண்ணாரப்பேட்டையிலோ ஒரு கண்ணாடி உடைந்தால் நான்கு விதமாகச் சொல்வார்கள்: "கை பட்டு ஒடஞ்சிடுச்சு", "ஒடச்சிட்டான்", "வேணும்னே ஒடச்சான்", "வேற வழியில்லாம ஒடச்சான்". நான்கிலும் பழியின் அளவு வேறு. கடைசி இரண்டில் செய்தவருக்குத் தெரிந்தே செயல் நடக்கிறது. ஆனாலும் கத்திமுனையில் கல்லாப்பணத்தைக் கொடுத்தவரை "வேணும்னே குடுத்தான்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆக நோக்கம் ஒன்று, தெரிவு ஒன்று, வேறுவழி இன்னொன்று. மூன்றுக்கும் தனித்தனிச் சொல் தேவை.

வேறுவழி இல்லாவிட்டால் பொறுப்பும் இல்லையா? 1969இல் மெய்யியலாளர் ஹாரி பிராங்க்பர்ட் இதைத்தான் மறுத்தார்: ஒருவன் தானாகவே ஒரு தீமையை முடிவு செய்கிறான், அவன் மனம் மாறினால் தடுத்துத் திருப்ப இன்னொருவன் மறைவில் காத்திருக்கிறான், ஆனால் தலையிட நேரவே இல்லை. வேறுவழி அடைபட்டிருந்தும் பழி அவனுடையதே. இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. ஆனாலும் கலைச்சொல் இந்த எடுத்துக்காட்டை எழுத இடம் தர வேண்டும். வழி தன் கையில் இல்லாதபோதும் கையில் இருப்பதற்குப் பொறுப்பு உண்டு என்பதை ரயிலிலும் பார்க்கலாம்: சென்னை பேசின் பிரிட்ஜில் ரயில் எந்தத் தண்டவாளத்தில் திரும்பும் என்பதைத் தண்டவாளம் பிரியும் இடத்திலுள்ள பாயிண்ட் தீர்மானிக்கிறது, ஓட்டுநர் அல்ல. அவர் கையில் இருப்பது வேகமும் பிரேக்கும். அதனால் சிவப்பு விளக்கைத் தாண்டினால் அவரைக் கேட்கிறோம்; வண்டி இடப்பக்கம் போனதற்குக் கேட்பதில்லை.

எனவே: ஃப்ரீ வில் – தன்தெரிவு, மாற்றாகச் செய்ய முடிவது – வேறுவழி, மாரல் ரெஸ்பான்சிபிலிட்டி – அறப்பொறுப்பு. தன்தெரிவின்மை, தன்தெரிவாளர் என்று சொல் தடையின்றி வளர்கிறது.

டிடர்மினிசத்துக்கு 'ஊழ்வாதம்' எழுதுவதை நிறுத்த வேண்டும். எது செய்தாலும் முடிவு மாறாது என்பது ஊழ். நம் முயற்சியும் காரணச் சங்கிலியில் ஒரு கண்ணி, அது மாறினால் முடிவும் மாறும் என்பது காரணநியதிவாதம். "ஊழையும் உப்பக்கம் காண்பர்" (விடாமல் உஞற்றுபவர், அதாவது முயல்பவர், ஊழையும் வெல்வர்) என்ற குறள் முதலாவதற்குத்தான் எதிர்வழக்கு. இரண்டாவதில் உஞற்றுவதே சங்கிலிக்குள் அடங்கிவிடுகிறது.

*

மறுமொழி:

ஐயா, வேறுவழியைப் பிரித்தது மிகச் சரி. 'தன்தெரிவு' மட்டும் இடிக்கிறது: ஆய்வில் தாமாக வந்து சேர்பவர்களால் வரும் சாய்வைப் புள்ளியியலில் 'தன்தெரிவுச் சாய்வு' என்று எழுதினால் மோதும். அதைத் 'தாமேசேர்தல் சாய்வு' ஆக்கலாம்.

சட்டத்தோடும் ஒத்துப்பார்த்தேன். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு, மனநலக் குறைவால் செயலின் தன்மையையோ அது தவறு என்பதையோ அறிய இயலாதவரைக் குற்றப்பொறுப்பிலிருந்து விலக்குகிறது. அங்கே தெரிவே உருவாகவில்லை. 32ஆம் பிரிவு உடனடி மரண அச்சத்தில் செய்ததை விலக்குகிறது. அங்கே தெரிவு உண்டு, வேறுவழி இல்லை. ஆனால் கொலைக்கு அந்த விலக்கு கிடையாது. இந்த வேறுபாட்டை உங்கள் இரண்டு சொற்களும் தாங்குகின்றன, 'கட்டற்ற விருப்பம்' தாங்காது.

'அறப்பொறுப்பு' ஒன்றே போதுமா என்பதில்தான் தயக்கம். "பிள்ளைகள் என் பொறுப்பு" என்பது கடமை. "விபத்துக்கு அவர் பொறுப்பு" என்பது பழி. பின்னதற்குப் 'பழிக்குரிமை' என்று ஒரு துணைச்சொல்லும் பதிவில் சேரட்டும்.