சான் பிரான்சிஸ்கோவில் போலீஸ் போக்குவரத்து டிக்கெட் (அபராதச் சீட்டு) எழுதுவது ஏன் நின்றது? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

சன்செட் வாசி:

நண்பர்களே, சென்ற செவ்வாய்க்கிழமை காலை மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். பத்தொன்பதாம் அவென்யூவில் நடப்பவர்களுக்கான வெள்ளை விளக்கு எரிந்த பிறகுதான் சாலையில் இறங்கினோம். ஒரு தடத்தைத் தாண்டியிருப்போம். சிவப்பு விழுந்து நான்கைந்து நொடி ஆகியும் ஒரு கார் வேகம் குறையாமல் எங்கள் முன்னால் பாய்ந்து போனது. மகளின் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நழுவி அடுத்த தடத்துக்கு உருண்டது. அதை எடுக்க அவள் குனிந்தாள். சட்டையைப் பிடித்து இழுத்தேன். மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும் ஒரு சீன மூதாட்டி என் தோளைத் தொட்டு, "இங்கே தினமும் இப்படித்தான்" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த ஊருக்கு நான் வந்தது 2012-இல். 2014-இல் மாநகரம் ‘விஷன் ஜீரோ’ திட்டத்தை ஏற்றது. பத்தே ஆண்டில் சாலைச் சாவே இல்லாமல் செய்வது இலக்கு. போலீஸ் தன் பங்குக்கு ஐந்து மீறல்களைக் குறித்துக்கொண்டது: அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, ஸ்டாப் பலகையில் நிற்காமல் போவது, நடப்பவருக்கு வழிவிடாதது, திரும்பும்போது வழிவிடாதது. எழுதும் டிக்கெட்டுகளில் பாதியாவது இவற்றுக்காக இருக்க வேண்டும் என்று தனக்குத் தானே அளவுகோல் வைத்துக்கொண்டது.

அந்த ஆண்டில் எழுதப்பட்ட டிக்கெட்டுகள் ஒரு லட்சத்துக்கும் மேல். 2022-க்குள் அவை சில ஆயிரங்களாகக் கரைந்துவிட்டன. கோவிட்டைக் காரணம் காட்டவும் முடியாது, அது வரும் முன்பே எண்ணிக்கை பாதிக்கும் கீழே போயிருந்தது. சாலையில் இறந்தவர்கள் 2014-இல் 31 பேர், 2017-இல் 20 பேர், 2022-இல் 39 பேர். இலக்கு ஆண்டான 2024-இல் நாற்பதைத் தாண்டிவிட்டது. டிக்கெட் குறைந்ததால் மட்டும்தான் சாவு கூடியது என்று நான் சொல்லவில்லை. வண்டிகளும் பெரிதாகிவிட்டன, அகலமான சாலைகள் வேகத்தைத் தூண்டுகின்றன. ஆனாலும் பிடிபடுவோம் என்ற அச்சம் ஓட்டுபவர்களிடமிருந்து போய்விட்டதை நான் தினமும் பார்க்கிறேன்.

இது குறித்து நகர மண்டபத்தில் நடந்த ஒரு விசாரணைக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். பொதுமக்கள் பேச ஆளுக்கு இரண்டு நிமிடம். மூன்று மணி நேரம் காத்திருந்தேன். நகர சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எண்களை வாசித்து, "ஏன் எழுதவில்லை?" என்று கேட்டார்கள். போலீஸ் தரப்பில் மூன்று பதில்கள் வந்தன: ஆள் பற்றாக்குறை, நிறுத்தும் ஒவ்வொரு வண்டிக்கும் நிரப்ப வேண்டிய படிவங்கள், எந்த வண்டியை நிறுத்தலாம் என்பதில் வந்த கட்டுப்பாடுகள். உறுப்பினர்கள் மறுபடி கேட்டார்கள், அதே பதில்கள் மறுபடி வந்தன. என் முறை வந்தபோது என் தெருவைப் பற்றிச் சொன்னேன். நன்றி என்றார்கள்.

வெளியே வந்து படித்துப் பார்த்த பிறகுதான் ஒன்று விளங்கியது. மேற்பார்வையாளர் மன்றம் என்கிற இந்த நகர சபையின் 11 உறுப்பினர்கள் பட்ஜெட்டை நிறைவேற்றலாம், அதிகாரிகளை அழைத்து விசாரிக்கலாம். போலீஸ் தலைவருக்கு உத்தரவிட முடியாது. நகரச் சாசனம் அதற்கு இடம் தரவில்லை. தலைவரை நியமிப்பவர் மேயர். போலீஸுக்கான கொள்கைகளை வகுக்கும் போலீஸ் ஆணையத்தின் ஏழு பேரில் நால்வர் மேயர் நியமித்தவர்கள், மூவர் மன்றத்தின் தேர்வு. ஆகவே குரல் உயர்த்துபவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர்கள் ஒருவர் மற்றவரைக் கை காட்டுகிறார்கள்.

உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். டிக்கெட் வாங்கியவர்களும் தயங்காமல் எழுதுங்கள்.

மிஷன் பகுதி மீனாட்சி:

அண்ணா, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுவே பெரிது.

எனக்கு 2013-இல் ஒரு டிக்கெட் வந்தது. ஸ்டாப் பலகையில் முழுதாக நிற்காமல் சக்கரம் மெல்ல உருள விட்டுவிட்டேன். மோட்டார் சைக்கிள் போலீஸ்காரர் அடுத்த முனையிலேயே நிறுத்தினார். நீதிமன்றக் கட்டணமெல்லாம் சேர்த்து இருநூறு டாலருக்கும் மேல் கட்டினேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அப்போது எங்கள் கையில் அவ்வளவு பணம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை ஒரு ஸ்டாப் பலகையிலும் நான் நிற்காமல் போனதில்லை. யாரும் இல்லாத நள்ளிரவிலும் நிற்கிறேன். அதற்குப் பிறகு என் தெருவில் யாரையும் அப்படி நிறுத்தி நான் பார்க்கவில்லை. நான் நின்றால் பின்னால் வருபவர் ஹாரன் அடிக்கிறார்.

ஓக்லாந்து கதிர்:

இரண்டு பேருக்கும் வணக்கம். நான் வேறொரு பக்கத்திலிருந்து பேச வேண்டியிருக்கிறது.

நான் நல்ல கறுப்பு. வேறொரு மாநிலத்தில், ஊரின் பெயர் வேண்டாம், ஒரே ஆண்டில் என்னை நான்கு முறை நிறுத்தினார்கள். ஒரு முறை எண் பலகையின் விளக்கு எரியவில்லை என்று காரணம். ஒரு முறை கண்ணாடியில் அம்மா கட்டிய சிறிய முருகன் படம் தொங்கியது காரணம். நான்கு முறையும் டிக்கெட் இல்லை. எங்கே வேலை, எங்கே போகிறாய், வண்டியைச் சோதிக்கலாமா என்றுதான் கேள்விகள். கடைசி முறை என் மனைவி பக்கத்து இருக்கையில் எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தாள். கையை ஸ்டீயரிங் மேல் வைத்தபடி அசையாமல் இருந்தேன்.

ஆகவே 2015-இல் கலிபோர்னியா கொண்டுவந்த சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நிறுத்தப்பட்டவர் எந்த இனத்தவராகத் தெரிந்தார், ஏன் நிறுத்தினார்கள், முடிவு என்ன என்று ஒவ்வொரு முறையும் பதிய வேண்டும் என்கிறது அது. சில நிமிட வேலைதான். அந்த நிமிடங்களைக் காரணம் காட்டி வேலையையே விட்டுவிட்டோம் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

2023 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ போலீஸ் ஆணையம் நிறைவேற்றிய கட்டுப்பாட்டையும் பாருங்கள். எரியாத ஒரு பின்விளக்கு, கண்ணாடியில் தொங்கும் பொருள் போன்ற சில்லறைக் காரணங்களுக்காக மட்டும் வண்டியை நிறுத்துவதை அது மட்டுப்படுத்தியது. அதிவேகமும் சிவப்பு விளக்கும் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. அது வரும் முன்பே டிக்கெட் எண்ணிக்கை தரைமட்டத்துக்குப் போயிருந்தது. அதனால்தான் என் கேள்வி ஒன்றே ஒன்று: உங்கள் மகளுக்கு முன்னால் பாய்ந்து போன அந்தக் காரை நிறுத்துவதை எந்த விதி தடுத்தது?

ரிச்மண்ட் தாத்தா:

எழுபத்திரண்டு வயதாகிறது எனக்கு. கீரி பவுல்வார்டு சாலையைக் கடக்க ஒரு பச்சை போதவில்லை. நடுத்திட்டில் நின்று அடுத்த பச்சைக்குக் காத்திருக்கிறேன். அந்தத் திட்டில் நிற்கும்போது இரண்டு பக்கமும் வண்டிகள் பறக்கின்றன. அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. கதிர் தம்பி சொன்னது நெஞ்சில் நிற்கிறது.

ஃபுல்டன் தெரு ரகு:

எனக்கு டிக்கெட் தபாலில் வந்தது. போலீஸ்காரர் யாரும் நிறுத்தவில்லை, ஒரு கேமரா பார்த்துவிட்டது. வேக வரம்பைவிட 12 மைல் கூடுதல், அபராதம் 50 டாலர். என் தவறுதான், கட்டிவிட்டேன்.

2023-இல் ஆளுநர் கையெழுத்திட்ட சட்டம் ஆறு நகரங்களுக்கு இந்தக் கேமராக்களை அனுமதித்தது. சான் பிரான்சிஸ்கோவில் 33 இடங்கள். 2025-இல் தொடங்கி முதலில் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் அனுப்பினார்கள், பிறகு அபராதம். கேமரா எடுப்பது பின்பக்க எண் பலகையைத்தான், ஓட்டுபவரின் முகத்தை அல்ல. ஓட்டுநர் உரிமத்தில் குற்றப் புள்ளி ஏறாது. இதை நடத்துவதும் போலீஸ் அல்ல, நகரப் போக்குவரத்து நிர்வாகம். கதிர் பயப்படும் அந்தச் சாலையோர உரையாடலுக்கே இதில் இடமில்லை.

இப்போது ஃபுல்டனில் நானும் வேகத்தைக் குறைக்கிறேன், எனக்கு முன்னால் போகிறவரும் குறைக்கிறார். ஆனால் கேமரா வேகத்தை மட்டும்தான் பார்க்கும். நடப்பவருக்கு வழிவிடாமல் திரும்பும் வண்டியை அது பார்க்காது. 33 முனைகளைத் தாண்டினால் பழைய கதைதான்.

சன்செட் வாசி:

எல்லோருக்கும் நன்றி. கதிர், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். கூட்டத்தில் நான் "பழையபடி எழுதுங்கள்" என்று கேட்டிருந்தேன். பழையபடி என்றால் உங்களையும் நிறுத்தியிருப்பார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. மன்னியுங்கள்.

நேற்று மாலை எங்கள் வட்டாரக் கூட்டத்தில் ஒரு காவல் அதிகாரியிடம் தனியாகப் பேசினேன். இருபது ஆண்டுச் சேவை செய்தவர், நிதானமாகவே பேசினார். மோட்டார் சைக்கிள் பிரிவில் ஓய்வு பெற்றவர்களின் இடம் நிரம்பவில்லை. அவசர அழைப்புகளுக்கே ஆள் போதவில்லை. நிறுத்தினால் பாராட்ட யாரும் இல்லை, தவறினால் கேட்கப் பத்துப் பேர் இருக்கிறார்கள் என்றார். அவர் சோர்வை நான் நம்புகிறேன். அந்த ஐந்து மீறல்களுக்கு மட்டும், அதிக விபத்து நடக்கும் தெருக்களில் மட்டும் எழுதினால் எவ்வளவு ஆள் வேண்டும் என்று கேட்டேன். இந்த நகரத்தின் தெருக்களில் 12 விழுக்காட்டில்தான் கடும் காயங்களிலும் சாவுகளிலும் 68 விழுக்காடு நடக்கிறது. நகரமே வெளியிட்ட கணக்கு அது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை" என்றார்.

2024 மார்ச்சில் வெஸ்ட் போர்ட்டல் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்த தாய், தந்தை, இரண்டு சிறு குழந்தைகளை ஒரு கார் கொன்றது. அங்கே பூ வைத்துவிட்டு வந்தவன் நான். அடுத்த முறை மன்றத்துக்குப் போகும்போது கேட்க ஒரே கேள்வி வைத்திருக்கிறேன்: அந்த ஐந்துக்கு, அந்தத் தெருக்களில், மாதம் எத்தனை, அதற்கு எத்தனை பேர், அதற்கான பணத்தை நீங்கள் பட்ஜெட்டில் வைப்பீர்களா? அதே கேள்வியை மேயருக்கும் ஆணையத்துக்கும் எழுதி அனுப்புகிறேன். மீனாட்சி, ரகு, வர முடிந்தால் வாருங்கள். தாத்தா, உங்களை நான் காரில் அழைத்துப் போகிறேன். கீரி நடுத்திட்டைப் பற்றி அந்த இரண்டு நிமிடத்தில் நீங்களே சொல்ல வேண்டும்.