மூக்கு ஆடிய நாள்: பார்ப்பாய்சிங்கில் மாட்டியவர்கள் எழுதுங்கள்

நுரைத்தடம்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பார்ப்பாய்சிங் என்றால் வேகமாக ஓடும்போது படகின் மூக்கு திரும்பத் திரும்ப எழுந்து விழுவது. என்னுடையது 21 அடி வி-ஹல் (அடிப்பாகம் வி வடிவம்) படகு, பின்னால் 250 குதிரைத்திறன் அவுட்போர்ட் எஞ்சின். தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. மணிக்கு 50 மைல் தாண்டியதும் டிரிமை, அதாவது எஞ்சினின் சாய்வை, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டேன். ஜிபிஎஸ்ஸில் எண் ஏற ஏறக் கை நிற்கவில்லை. 58-ல் மூக்கு ஒரு தடவை எழுந்து இறங்கியது. அடுத்தது அதைவிடப் பெரிது. ஏதோ அலை என்று நினைத்தேன். அலை எங்கே இருந்தது? இன்னும் கொஞ்சம் வேகம் கொடுத்தால் தாண்டிவிடும் என்று த்ராட்டிலைத் தள்ளினேன்.

நாலாவது குதியில் பக்கத்தில் இருந்த நண்பன் நாக்கைக் கடித்துக்கொண்டான். வெள்ளை லைஃப் ஜாக்கெட்டில் மூன்று சொட்டு ரத்தம். அவன் கத்தவில்லை, உள்ளங்கையைக் கீழே அமர்த்தி ‘மெல்ல’ என்று காட்டினான், அவ்வளவுதான். அப்போதுதான் என் கட்டைவிரல் டிரிம் பட்டனுக்குப் போனது. உள்ளே இழுத்தேன். ரெண்டே நொடியில் அடங்கிவிட்டது. ரெண்டு நொடியில் நிறுத்தியிருக்கக்கூடியதை நாலு குதி வரை விட்டிருக்கிறேன், அது இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கு எப்படி நடந்தது?

கண்ணாடியிழை

உங்களுக்காவது டிரிமுக்கு அடங்கியது. எனக்கு முழுக்க உள்ளே இழுத்தும் 40 மைலிலேயே ஆடியது. வாங்கி மூன்று வருடம் ஒழுங்காக ஓடிய படகு. புரொப்பல்லர் மாற்றினேன், அவுட்போர்ட்டுக்கு இறக்கை மாட்டினேன், எதற்கும் மசியவில்லை.

கடைசியில் டிரெய்லரில் ஏற்றி, அடியில் மல்லாந்து படுத்து, நீளமான இரும்பு மட்டப்பலகையை டிரான்ஸமிலிருந்து (படகின் பின்சுவர்) முன்னோக்கி அடிப்பாகத்தில் ஒட்டிப் பிடித்தேன். எதிர்ப்பக்கம் ஒருவரை டார்ச் அடிக்கச் சொன்னேன். நடுவில் ஒட்டி நின்றது. பின்பக்கம் கடைசி ஒரு சாண் தூரத்துக்கு வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. ஒரு நாணயம் தாராளமாக உள்ளே போனது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. முந்தின சீசனில் அடியில் கீறல் அடைக்கக் கொடுத்திருந்தேன். தேய்த்தவர் பின் விளிம்பையும் அழகாக உருட்டிவிட்டார்.

அந்த விளிம்பு கத்தி மாதிரி கூராக இருக்க வேண்டும். தண்ணீர் அந்த இடத்தில் வெட்டினாற்போல் பிரிந்து போகணும். உருண்டிருந்தால் வளைவோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறி, பின்பக்கத்தைக் கீழே இழுக்கும். மூக்கு தானாக எழும்பும். இதைத்தான் ராக்கர் என்கிறோம். எபாக்ஸி வைத்து மட்டமாக்கி விளிம்பைக் கூர் செய்த பிறகு, அதே புரொப்பல்லரில் அதே தண்ணீரில் ஆட்டமே இல்லை.

பழையகைப்பிடி

@நுரைத்தடம், ரெண்டு நொடியில் அடங்கியது சரி. ஆனால் அதைச் சரிசெய்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டிரிமை உள்ளே இழுப்பது அந்த நேரத்துக்கு உயிர் காக்கும். படகு ஏன் ஆடியது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

என் கதை சின்னது. ரெண்டு பாட்டரி, நங்கூரம், ஐஸ் பெட்டி, எல்லாமே பின்னால். பாட்டரிகளைக் கன்சோலுக்கு (ஸ்டியரிங் இருக்கும் மேடை) அடியிலும் நங்கூரத்தை முன் அறையிலும் வைத்தேன். ஆட்டம் தொடங்கும் வேகம் 6 மைல் தள்ளிப்போனது. அவ்வளவுதான்.

இனி நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘வேகம் கொடுத்தால் தாண்டிவிடும்’ என்று நம்பி ஆபத்தில் மாட்டியவர்கள் நிறையப் பேர். பிளேனிங்கில், அதாவது தண்ணீர் மேல் வழுக்கி ஓடும்போது, படகு பின்பக்கத்து ஒரு சின்னப் பரப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. மூக்கு எழுந்தால் அந்தப் பரப்பு இன்னும் சுருங்கும், தாங்கும் விசை குறையும், மூக்கு விழும். விழுந்ததும் பரப்பு கூடும், விசை கூடும், மறுபடி எழும். ஒவ்வொரு சுற்றும் அடுத்ததுக்கு உந்து கொடுக்கிறது. படகு ஆய்வாளர் டேனியல் சாவிட்ஸ்கி 1964-ல் எழுதிய கட்டுரையிலேயே இதற்கான எல்லைக்கோடு வரைபடமாக இருக்கிறது. எடை மாறாமல் வேகம் கூடக் கூட, ஆடாமல் தாங்கக்கூடிய டிரிம் கோணம் (இங்கே எஞ்சினுடையது அல்ல, படகே மூக்கு தூக்கி ஓடும் சாய்வு) குறைந்துகொண்டே வருகிறது. 45 மைலில் நிம்மதியாக ஓடிய அதே கோணம் 58-ல் ஆடுவது இதனால்தான். அடிப்பாகத்து வி எவ்வளவு ஆழமோ அவ்வளவு கோணம் கூடுதலாகத் தாங்கும். தட்டையான அடி சீக்கிரம் ஆடும்.

அதனால் முதலில் எடையைப் பாருங்கள், அதற்குக் காசு செலவில்லை. பின்னால் பெட்ரோல் டேங்க் என்றால் முழு டேங்கிலும் கால் டேங்கிலும் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள். ஜாக் பிளேட் (எஞ்சினுக்கும் படகுக்கும் நடுவில் மாட்டும் தாங்கி) போட்டு எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளியிருந்தால் எடையும் பின்னுக்குப் போயிருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். அப்புறம் புரொப்பல்லர். ரேக் (இலைகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) அதிகமான மூன்று இலை மூக்கைத் தூக்கும், நாலு இலை பெரும்பாலும் பின்பக்கத்தைத் தூக்கும். டிரிம் டேப் (பின் விளிம்பில் இருபுறமும் இறக்கும் தகடு) இருந்தால் ரெண்டையும் சமமாகத் துளி இறக்கினாலே போதும். நிறைய இறக்கினால் மூக்கு தண்ணீரைக் கொத்திக்கொண்டு திசை மாறும், அது வேறொரு ஆபத்து. ஆடும்போது த்ராட்டிலைப் படாரென்று மூடாதீர்கள். மூக்கு உயரே இருக்கும் நேரத்தில் மூடினால் அடுத்த விழுகை படு மோசமாக இருக்கும். டிரிமை உள்ளே இழுத்துக்கொண்டே மெல்லக் குறையுங்கள். கில் சுவிட்ச் கயிறு (நீங்கள் தூக்கி எறியப்பட்டால் எஞ்சினை நிறுத்துவது) எப்போதும் உடம்பில் மாட்டியிருக்கட்டும்.

இரட்டைஎஞ்சின்

எனக்கு 70 மைலுக்கு மேல் நடந்தது. இடது, வலது, இடது என்று தட்டியது, ஒவ்வொரு தட்டலுக்கும் ஸ்டியரிங் கையில் துள்ளியது. கரையில் நின்றிருந்த தம்பி படகின் அடிவயிறு தெரிந்தது என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு ஆறு மாதம் அந்த வேகத்தைத் தொடவில்லை. இங்கிலாந்தின் கானிஸ்டன் ஏரியில் 1967 ஜனவரி 4 அன்று வேகச் சாதனை முயற்சியில் டொனால்ட் கேம்ப்பெல்லின் புளூபேர்ட் கே7 படகு மூக்கு தூக்கிக் கவிழ்ந்ததே, அதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. பார்ப்பாய்சிங் முற்றினால் அங்கேதான் போய் நிற்கும்.

பழையகைப்பிடி

@இரட்டைஎஞ்சின், மன்னிக்கவும், மறுக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் சொல்வது சைன் வாக். பக்கவாட்டில் தட்டினால் அது உருளல். பார்ப்பாய்சிங் முன்னும் பின்னுமான ஆட்டம். மருந்தும் வேறு. முதலில் ஸ்டியரிங்கில் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். கே7 கவிழ்ந்ததும் வேறு கதை. மணிக்கு 300 மைலுக்கு மேல் ஓடிய ஜெட் படகு அது, மூக்குக்கு அடியில் காற்று புகுந்து தூக்கிவிட்டது. ரெண்டையும் ஒன்றாக்கினால் புதிதாக ஓட்டுபவர்கள் தவறான இடத்தில் கை வைப்பார்கள்.

இரட்டைஎஞ்சின்

பக்கவாட்டில் தட்டும் முன்பு மூக்கும் ரெண்டு தடவை குதித்தது அண்ணே, படகில் இருந்தவன் நான். ஆனால் ஸ்டியரிங் தளர்வு உண்மைதான். சக்கரத்தில் ரெண்டு விரல் அகலம் சும்மா ஆடும். அதைப் பார்க்கிறேன்.

ஈரநுரை

படகுக்குள் ஊறும் தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. என் படகு திடீரென்று ஒரு நாளில் ஆடத் தொடங்கவில்லை. இந்த வருடம் 52, அடுத்த வருடம் 48, அதற்கடுத்து 44 என்று ஆட்டம் தொடங்கும் வேகம் இறங்கிக்கொண்டே வந்தது. எஞ்சினுக்கு வயசாகிவிட்டது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் எடை மேடையில் ஏற்றினால் 140 கிலோ கூடுதல்.

பின்பக்கத் தரையில் ஒரு வட்டம் வெட்டி எடுத்தோம். உள்ளே மிதப்புக்காக அடைத்திருந்த நுரையை அமுக்கினால் பழுப்பு நிறத் தண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. பழைய துணியைப் பிழிகிற மாதிரி. அந்த வாடை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. படகின் மூக்கு எழும்போதெல்லாம் அடியில் தேங்கிய மிச்சத் தண்ணீரும் பின்னால் ஓடிப்போய்ச் சேர்ந்திருக்கிறது. நுரை முழுவதையும் மாற்றினேன், 52-க்குத் திரும்பியது. முன்பு நன்றாக ஓடிய படகு இப்போது ஆடுகிறது என்றால் புரொப்பல்லர் வாங்கும் முன்பு எடை போடுங்கள்.

நுரைத்தடம்

எல்லோருக்கும் நன்றி. @பழையகைப்பிடி, பெட்ரோல் டேங்க் பின்னால்தான், அன்றைக்கு முழுக்க நிரப்பியிருந்தேன். @கண்ணாடியிழை, நேற்று மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன், வெளிச்சம் எங்கும் வரவில்லை, விளிம்பும் கூராகத்தான் இருக்கிறது. டிரிம் கேஜில் அன்று முள் நின்ற இடத்துக்கு ஒரு கோடு கீழே சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். நண்பனிடம் சொன்னேன். அடுத்த தடவை வருகிறானாம், ஆனால் டிரிம் பட்டன் அவன் கையில் இருக்க வேண்டுமாம். சரி என்றுவிட்டேன்.