லித்தியக் கணக்கு உதைக்கிறதே, பெருவெடிப்பு நிற்குமா?

வான்நோக்கி:
பெருவெடிப்புக் கணக்குப்படி 1000 கோடி ஹைட்ரஜன் அணுவுக்கு 5 லித்தியம்-7 (லித்தியத்தின் வழக்கமான வகை) அணுக்கள் இருக்க வேண்டும். பால்வீதியின் மிகப் பழைய விண்மீன்களில் இருப்பதோ ஒன்றரை சொச்சம். 1982-இல் பிரெஞ்சு வானியலாளர்களான ஸ்பீட் தம்பதியர் கண்ட அந்த அளவு இன்றும் ஏறவில்லை. மூன்று மடங்கு பிழையை எப்படி விட்டுவிடுவது?

கணக்கன்:
லித்தியம் மட்டுமா, அதே கணக்கு தரும் ஹீலியத்தையும் பாருங்கள். முதல் நொடி வாக்கில் 6 புரோட்டானுக்கு 1 நியூட்ரான் என்று விகிதம் நின்றுவிடுகிறது. ஹீலியம் உண்டாக முதலில் டியூட்டீரியம் (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த கன ஹைட்ரஜன்) வேண்டும். அது உடனே தங்காது. ஒரு புரோட்டான் அல்லது நியூட்ரானுக்கு 160 கோடி ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) இருப்பதால் பிறந்ததுமே உடைந்துவிடும். வெப்பம் 100 கோடி கெல்வினுக்கு இறங்க 3 நிமிடம் ஆகிறது. அதற்குள் சில நியூட்ரான்கள் சிதைந்து விகிதம் 7-க்கு 1 ஆகிறது. 14 புரோட்டானும் 2 நியூட்ரானும் இருந்தால் ஒரு ஹீலியம் போக மிச்சம் 12 புரோட்டான். 16-இல் 4, நிறையில் 25 விழுக்காடு. அளந்தாலும் அதுவே. டியூட்டீரியமும் லட்சம் ஹைட்ரஜனுக்கு இரண்டரை எனப் பொருந்துகிறது.

வான்நோக்கி:
கணக்கில் பொருளின் அடர்த்தியை மாற்றினாலும் ஹீலியத்தின் அளவு அதிகம் அசையாது, ஆகவே அது கடுமையான சோதனை இல்லை. டியூட்டீரியத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விண்மீன்கள் லித்தியத்தை எரித்திருந்தால் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு அல்லவா இருக்க வேண்டும்? ஏன் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கின்றன?

அணுக்கரு:
கணக்கில் வரும் அணுக்கரு வினைகளின் வேகத்தைத் தப்பாக அளந்தார்களோ என்ற வழியும் ஏறக்குறைய அடைபட்டது. லித்தியம்-7 பெரும்பாலும் பெரிலியம்-7 ஆகப் பிறந்து, பிறகு எலக்ட்ரானைப் பிடித்து மாறுகிறது. நியூட்ரான் பெரிலியத்தை அழிக்கும் ஒரு வினையை ஐரோப்பிய அணு ஆய்வுக்கூடமான செர்னில் அளந்து 2016-இல் வெளியிட்டார்கள். பற்றாக்குறை தீரவில்லை.

கணக்கன்:
விண்மீனில் லித்தியம் எரிவது மட்டுமில்லை, உள்ளே அமிழ்வதும் உண்டு. என்.ஜி.சி. 6397 என்ற விண்மீன் கொத்தில் எல்லா விண்மீனும் ஒரே வயது. 2006-இல் பார்த்தபோது, வாழ்வின் முதற்கட்டம் முடியும் விண்மீன்களைவிட, அதைத் தாண்டி ஊதிப் பெருத்த செம்பூதங்களில் மேற்பரப்பு இரும்பு சற்றுக் கூடுதல். முன்பு மெல்ல அமிழ்ந்த இரும்பு, செம்பூதமானதும் மீண்டும் மேலே கலந்திருக்கிறது. லித்தியமும் இப்படித்தான் இறங்குகிறது. 25 லட்சம் கெல்வின் உள்ள ஆழத்துக்குப் போனால் அழிந்துவிடும்.

வான்நோக்கி:
அமிழ்வதைக் கணிக்கும் அந்த மாதிரியில், விண்மீனுக்குள் கலக்கும் கொந்தளிப்பின் அளவைத் தரவுக்கு ஏற்பத்தானே பொருத்துகிறார்கள்?

கணக்கன்:
உண்மை, அது குறைதான். அப்படியானால் விண்மீனை விட்டு, விண்மீன்களுக்கு இடையிலுள்ள வாயுவைப் பாருங்கள். நம் அண்டைச் சிறு விண்மீன் மண்டலமான சிறிய மெகல்லன் மேகத்தின் வாயுவில் 2012-இல் அளந்த லித்தியம் கணக்குக்கு ஏறக்குறைய சமம்.

வான்நோக்கி:
அந்த வாயுவில் சூரியனின் கால் பங்கு உலோகம் (வானியலில் ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள், விண்மீன்களில் உண்டாவது) இருக்கிறது. அவ்வளவு விண்மீன்கள் வாழ்ந்து முடிந்த இடத்தில், காஸ்மிக் கதிர்கள் (விண்வெளியில் அதிவேகமாகப் பாயும் துகள்கள்) உண்டாக்கிய லித்தியமும் சேர்ந்திருக்கும். அதைக் கழித்தால் ஆதி அளவு இன்னும் குறையும். உலோகம் மிகக் குறைந்த வாயுவில் அளக்கட்டும், ஏற்கிறேன்.