முயற்சிகள் ஏராளமாக இருந்தும் பாய்சான் தோராயம் ஏன் தவறுகிறது?

கேள்வி

வணக்கம். இளங்கலைப் புள்ளியியல் படிக்கிறேன். முயற்சிகளின் எண்ணிக்கை பெரிதாகவும் வெற்றி வாய்ப்பு சிறிதாகவும் இருந்தால், ஈருறுப்புப் பரவலுக்கு (வெற்றி அல்லது தோல்வியில் முடியும் முயற்சிகளில் எத்தனை வெற்றி என்பதன் நிகழ்தகவுகள்) பதிலாக, அவ்விரண்டின் பெருக்கற்பலனைச் சராசரியாகக் கொண்ட, அரிய நிகழ்வுகளின் எண்ணிக்கைக்குரிய பாய்சான் பரவலைப் பயன்படுத்தலாம் என்று வகுப்பில் சொல்லித் தந்தார்கள். இதை இரண்டு கணக்குகளில் சோதித்துப் பார்த்தேன். முதலாவதில் 200 விதைகள். ஒரு விதை முளைக்காமல் போகும் வாய்ப்பு 0.01. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட விதைகள் முளைக்காமல் போவதற்கான நிகழ்தகவு ஈருறுப்பில் 0.142, பாய்சானில் 0.143. இரண்டாவதில் 300 விதைகள், வாய்ப்பு 0.3. முளைக்காதவை 75-க்கு மிகாமல் இருப்பதற்கான சரியான நிகழ்தகவு ஏறத்தாழ 0.03, பாய்சானோ 0.06 என்கிறது. விதைகளின் எண்ணிக்கை கூடியிருக்கும்போது தோராயம் இவ்வளவு மோசமாவது ஏன்? 3,000 விதைகளாக்கினால் சரியாகுமா?

மறுமொழி 1

ஆகாது. தோராயத்தின் தரத்தை முடிவு செய்வது முயற்சிகளின் எண்ணிக்கையன்று, வாய்ப்பின் சிறுமையே. பாய்சான் பரவலில் சராசரியும் பரவற்படியும் (மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) சமம். ஈருறுப்பிலோ பரவற்படி என்பது சராசரியை, ஒன்றிலிருந்து வாய்ப்பைக் கழித்து வரும் எண்ணால் பெருக்கிக் கிடைப்பது. உங்கள் முதல் கணக்கில் அவை 2, 1.98 என்று ஒட்டி நிற்கின்றன. இரண்டாவதில் சராசரி 90, பரவற்படி 63. விதைகளை 3,000 ஆக்கினால் 900, 630 என்று அதே 0.7 விகிதம் அப்படியே தொடரும்.

இதை இன்னும் அருகில் சென்று பார்க்கலாம். ஓர் உறுப்பின் நிகழ்தகவிலிருந்து அடுத்த உறுப்புக்குச் செல்லும்போது பாய்சானில் எந்த எண்ணால் பெருக்குகிறோமோ, அதனுடன் ஈருறுப்பில் கூடுதலாக ஒரு காரணி சேர்கிறது. 300 விதைகளில் 75-லிருந்து 76-க்குச் செல்லும்போது அது 0.75-ஐ 0.7-ஆல் வகுத்தது, அதாவது சுமார் 1.07. சராசரியான 90-இல் அது சரியாக 1; அதைத் தாண்டினால் ஒன்றுக்கும் கீழே இறங்குகிறது. ஆகவே ஈருறுப்பு, சராசரியை நோக்கி வேகமாக ஏறி, அதைக் கடந்ததும் வேகமாக இறங்குகிறது. ஓரங்களில் பாய்சானைவிட மெலிந்திருக்கிறது. நீங்கள் கேட்ட 75 அந்த மெலிந்த ஓரத்தில் இருப்பதால்தான் பாய்சான் ஏறத்தாழ இரு மடங்காகச் சொல்லிவிட்டது.

எந்த நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டாலும் இரு பரவல்களும் தரும் நிகழ்தகவுகளின் வேறுபாடு, முயற்சிகளின் எண்ணிக்கையை வாய்ப்பின் வர்க்கத்தால் பெருக்கி வருவதைத் தாண்டாது என்பதை புள்ளியியலாளர் லூசியன் லெ காம் 1960-இல் நிறுவினார். பின்னர் 1984-இல் பார்பரும் ஹாலும் தந்த வரம்பின்படி, அது வாய்ப்பின் மதிப்பையே தாண்டாது. இதன்படி ஐந்தே விதைகள் இருந்தாலும் வாய்ப்பு 0.01 என்றால் பாய்சான் நன்றாகவே பொருந்த வேண்டும். ஒன்றும் பழுதாகாமல் இருப்பதற்கான நிகழ்தகவைக் கணக்கிட்டுப் பாருங்கள்: ஈருறுப்பில் 0.9510, பாய்சானில் 0.9512. பாடநூல்கள் எண்ணிக்கை பெரிதாக இருக்க வேண்டும் என்பது, சராசரி மாறாதிருக்க எண்ணிக்கை பெருகினால் வாய்ப்பு தானாகவே சுருங்கும் என்பதால்தான். அந்தக் காரணத்தைச் சொல்லாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பது மாணவர்களுக்கு நன்மை செய்வதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுமொழி 2

மேலே சொன்னதற்கு மிகப் பொருத்தமான உண்மைச் சான்று ஒன்று உண்டு. 1944-இல் லண்டன்மீது ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகள் விழுந்தபோது, அவை சில இடங்களிலேயே குவிகின்றன என்ற பேச்சு எழுந்தது. காப்பீட்டுக் கணிப்பாளர் ஆர். டி. கிளார்க் தென் லண்டனில் 144 சதுர கிலோமீட்டரை 576 சம கட்டங்களாகப் பிரித்து, அங்கே விழுந்த 537 குண்டுகளைக் கட்டவாரியாக எண்ணி, முடிவை 1946-இல் வெளியிட்டார். குண்டுகள் குறிப்பிட்ட இடங்களைக் குறிவைக்காமல் விழுந்தன என்றால், ஒரு கட்டத்தைப் பொறுத்தவரை 537 முயற்சிகள், வாய்ப்பு 576-இல் ஒன்று, இது ஈருறுப்பேதான். குண்டே விழாத கட்டங்கள் ஈருறுப்பின்படி 226.6, பாய்சான்படி 226.7, எண்ணிப் பார்த்ததில் 229. ஒரே குண்டு விழுந்த கட்டங்கள் பாய்சான்படி 211.4, நேரில் 211. குவிவதாக மக்கள் கண்டது தற்செயலின் இயல்பான தோற்றமே என்று இதிலிருந்து தெரிந்தது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இரண்டாவது கணக்கில், 75-க்குப் பதில் 75.5 என்று எடுக்கும் தொடர்ச்சித் திருத்தத்துடன் மணிவடிவ இயல்நிலைப் பரவலைப் பயன்படுத்தியபோது 0.034 வந்தது, சரியான விடைக்கு வெகு அருகில் இருக்கிறது. இன்னொரு ஐயம்: முளைக்கும் வாய்ப்பு 0.98 எனில், 150 விதைகளில் 145-க்குக் குறையாமல் முளைப்பதற்குப் பாய்சானை விட்டுவிட வேண்டியதுதானா?

மறுமொழி 3

வேண்டியதில்லை, முளைக்காதவற்றை எண்ணுங்கள். வாய்ப்பு 0.02, சராசரி 3. ஐந்துக்கு மிகாமல் முளைக்காதிருப்பதற்குப் பாய்சான் 0.916 தருகிறது, ஈருறுப்பு 0.918. ஆனால் விதைகள் அனைத்தும் ஈரம் புகுந்த ஒரே மூட்டையிலிருந்து வந்தவையாக இருந்தால், ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதும் கெட்டிருக்கக்கூடும். முயற்சிகள் ஒன்றையொன்று சாராதவை என்ற எடுகோளே அப்போது இல்லாமற்போவதால், ஈருறுப்பும் பொருந்தாது, பாய்சானும் பொருந்தாது.