ராத்திரி ரோட்டுல சும்மா நின்னா கேஸா? உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

கேத்தி பையன்:
நம்ம பக்கம் கேரட் எடுக்கப் போறவங்களுக்கு ராத்திரி ஒரு மணி ரெண்டு மணிக்கே வேலை ஆரம்பிச்சுரும், எடுத்து கழுவி மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு ஏத்தணும்ல. பிக்கப் வர்ற வரைக்கும் முக்குல நிப்போம், மங்கி கேப், அதுக்கு மேல ஹெட்லைட், மப்ளர் மூக்கு வரைக்கும், கண்ணு மட்டும்தான் தெரியும். போன ஜனவரி உறைபனில அப்படி நிக்கிறப்ப ரோந்து ஜீப் வந்துச்சு. "மூஞ்ச மூடிட்டு என்னடா பண்ற, நூத்தி ஒம்போது போட்ருவேன்"னாரு ஒருத்தர். எங்க கூட்டத்துல இருந்த அக்கா அசரவே இல்ல, "நாங்க கழட்டுறோம் சார், நீங்களும் உங்க குல்லாவ கழட்டுங்க, யாரு காது முதல்ல விறைக்குதுன்னு பாப்போம்"னு போட்டுச்சு. அவருக்கே சிரிப்பு வந்துருச்சு. ஆனா என் பேரு, ஊரு நோட்டுல எழுதிட்டாங்க. இது கேஸ் ஆகுமா?

ஊட்டி கோர்ட் குமாஸ்தா:
ஆகாது தம்பி. பேரு எழுதுனா கேஸ் இல்ல. அவர் சொன்ன 109 பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட பிரிவு, 2024 ஜூலை 1-ல இருந்து அது பிஎன்எஸ்எஸ்ங்கிற புது நடைமுறைச் சட்டத்துல 128. அதுலயும் சும்மா நிக்கிறது குத்தம்னு எங்கயும் இல்ல. ஆள் தெரியக்கூடாதுன்னு பதுங்கணும், அதுவும் வாரண்ட் இல்லாம போலீஸ் புடிக்கக்கூடிய குத்தம் பண்ணத்தான் பதுங்குறான்னு நம்ப காரணம் இருக்கணும், ரெண்டும் சேரணும். குளிருக்கு குல்லா போட்டா பதுங்குறதா என்ன! அப்படியே போட்டாலும் கோட்டாட்சியர் மாதிரி நிர்வாக நடுவர் நோட்டீஸ் குடுத்து விளக்கம் கேப்பாரு, அதிகபட்சம் ஒரு வருஷத்துக்கு நன்னடத்தை பத்திரம், அவ்ளோதான், அது தண்டனையும் இல்ல. 1898-ல வந்த நடைமுறைச் சட்டத்துல பிழைப்புக்கு வழி தெரியாதவன்னாலே புடிக்கலாம்னு இருந்துச்சு, 1973-ல அத எடுத்துட்டாங்க, ஆனா பழக்கம் போகல பாருங்க.

குன்னூர்க்காரி:
எனக்கு கடைசி பஸ் போயிருச்சு, ஸ்டாண்டுல அண்ணன் வண்டிக்காக உக்காந்திருந்தேன். "இங்கெல்லாம் நிக்கக்கூடாது, ஸ்டேஷன் வா"ன்னாங்க. என்ன கேஸு, அரெஸ்ட்டான்னு கேட்டேன். பொம்பளைங்கள சாயங்காலம் பொழுது சாஞ்சதும் சாதாரணமா அரெஸ்ட் பண்ண முடியாது, ரொம்ப அவசியம்னா பெண் போலீஸ் எழுதிக் குடுத்து மாஜிஸ்ட்ரேட் அனுமதி வாங்கணும்னு காலேஜ்ல வக்கீல் ஒருத்தர் வந்து சொன்னது ஞாபகம் வந்துச்சு, அதயே மெதுவா சொன்னேன். "சரி சரி, லைட்டுக்கு கீழ உக்காரும்மா"ன்னு கிளம்பிட்டாங்க. அண்ணன் வந்தப்புறம் அவன்கிட்டதான் செம திட்டு, லேட்டா கிளம்புனதுக்கு.