பார்க்கின்சன் நோய் வந்து நான்கு வருடம், மனசை எப்படித் தேற்றிக்கொள்கிறீர்கள்?

இடக்கை:
வயது 52. இடது கையில் மட்டும் இருந்த நடுக்கம் காலுக்கும் வந்துவிட்டது, சட்டைப் பொத்தான் போடுவதற்குள் வியர்த்துவிடுகிறது, கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி சிறுத்துக்கொண்டே போகிறது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. இன்று முடிகிற வேலை கொஞ்ச நாளில் முடியாமல் போகும் என்று தெரிந்துகொண்டே தினமும் எழுந்திருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. எல்லாரும் ‘தைரியமா இருங்க’ என்கிறார்கள். அது எந்தக் கடையில் விற்கிறது?

மெதுநடை:
எனக்குப் 11 வருடம். தைரியம் என்னிடமும் கிடையாது, ஒரு நோட்டு இருக்கிறது. லெவோடோபா (இந்த நோய்க்குக் கொடுக்கும் மாத்திரை) போட்டு எவ்வளவு நேரத்தில் உடம்பு இளகுகிறது, எப்போது மறுபடி இறுகுகிறது என்று இரண்டு வாரம் குறித்துவைத்தேன். அதைப் பார்த்துவிட்டு நியூராலஜிஸ்ட் மாத்திரை நேரங்களை மாற்றினார். புரதம் அதிகமுள்ள சாப்பாட்டோடு போட்டால் சிலருக்கு மருந்து சரியாக ஏறாது, எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. இப்போது இளகிய நேரத்தில் குளியல், நடை, வெளிவேலை. இறுகிய நேரத்தில் படுத்துக்கொண்டு ரேடியோ, அந்த நேரத்தில் எதிர்காலத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை என்று வைத்திருக்கிறேன் (பாதி நாள் மீறிவிடுவேன், அது வேறு கதை). நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நகராமல் போனால் இழுக்காதீர்கள், விழுவீர்கள். நின்று, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி, எதிரில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துத் தாண்டுங்கள். நான் வாசலில் டேப்பே ஒட்டியிருக்கிறேன்.

கூடவே இருப்பவள்:
என் கணவருக்கு இதே நோய். மாதக்கணக்கில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முயற்சியே செய்யமாட்டேன் என்கிறார் என்று நினைத்து நான் சண்டைகூடப் போட்டேன், இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மனச்சோர்வும் எதிலும் நாட்டம் இல்லாமல் போவதும் இந்த நோயின் அறிகுறிகளே, மூளையில் நடக்கும் மாற்றம் கைகாலோடு நிற்பதில்லை, சிலருக்கு நடுக்கத்துக்கு முன்பே வந்துவிடும் என்று அப்புறம்தான் டாக்டர் சொன்னார். அதற்குத் தனியாகச் சிகிச்சை தொடங்கியதும் ஓரளவு பேச ஆரம்பித்தார். அடுத்த முறை போகும்போது கையை மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள். தூக்கம், அழுகை எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

பழைய ஆள்:
ஆபீசில் சொல்லிவிட்டீர்களா? நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1991இல், 29 வயதில் கண்டுபிடித்தார்கள், 1998இல்தான் வெளியே சொன்னார். நானும் மூன்று வருடம் கையைப் பாக்கெட்டில் மறைத்தேன். பதற்றம் கூடினால் நடுக்கமும் கூடும், மறைக்க மறைக்க இன்னும் ஆடியது. யாரிடம் எப்போது சொல்வது என்பது உங்கள் இஷ்டம், ஆனால் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

இடக்கை:
அழுகை விஷயத்தை டாக்டரிடம் சொன்னதே இல்லை, அதற்கு வேறு டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டு இன்றே ஆரம்பித்தாயிற்று, என் கையெழுத்தை எனக்கே படிக்க முடியவில்லை என்பதால் போனில். மெதுநடை, அந்த டேப் என்ன நிறம்? எங்கள் வீட்டுத் தரை வெள்ளை.